வன்னிக் கிணற்று நீரில் பியர்க் குவளை கழுவுதல்

தவறணையில் பனையோலைப் பிளாவில் கள்ளுக் குடித்தவர்களுக்குக் கழுவுகின்ற தொல்லை இருந்ததில்லை. ஓலையை மடித்தார்கள், குடித்தார்கள், எறிந்தார்கள். பியர் அப்படிப்பட்டதல்ல. அதன் நிறமும் நுரையும் வாசமும் கண்ணாடிக் குவளையில்தான் முழுதாக வெளிப்படுகின்றன. அந்தக் கண்ணாடி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அழுக்காக இருந்தாலும் மூன்றும் கெட்டுப்போகின்றன. வன்னியில் இப்போது பல வீடுகளின் அலுமாரிகளில், விடுமுறைக்கு வந்துபோன உறவினர் விட்டுச்சென்ற நல்ல குவளைகள் இருக்கின்றன. அரை லீற்றர் அளவுக்கோடு பொறித்த ஜேர்மன் குவளை ஒரு வீட்டில் இருக்கும்; லண்டனிலிருந்து வந்த 568 மில்லிலீற்றர் பைண்ட் குவளை இன்னொரு வீட்டில் இருக்கும். அவற்றை எங்கள் கிணற்றடியில் எப்படிக் கழுவுவது என்பதை மட்டும் யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு விருந்தொன்றில், நன்றாகக் குளிரவைத்த போத்தல்களைத் திறந்து ஊற்றியபோது, எழுந்த நுரை ஐம்பது எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது. குவளையின் உட்சுவரில் சிறு குமிழிகள் மணலை அள்ளி எறிந்ததுபோல ஒட்டிக்கொண்டு நின்றன. கடைக்காரர் பழைய சரக்கைத் தந்துவிட்டார் என்று எல்லோருமாகச் சேர்ந்து அவரைத் திட்டினோம். மிஞ்சியிருந்த போத்தல் ஒன்றை மறுநாள், அதுவரை ஒருநாளும் பாவிக்காத புதுக்குவளையொன்றை மழைநீரில் அலசி ஊற்றிப் பார்த்தபோது, நுரை இரண்டு விரற்கடை உயரத்துக்கு எழுந்து அசையாமல் நின்றது. பிழை கடையில் இருக்கவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரும் நாங்கள் பாவித்த சவர்க்காரமும் சேர்ந்து செய்த வேலை அது.

நுரை ஏன் விழுகிறது

பியரில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு வாயு, ஊற்றும்போது குமிழிகளாக மேலெழுகிறது. பார்லியிலிருந்து வந்த புரதங்களும் ஹொப்ஸ் பூவிலிருந்து வந்த கசப்புப் பொருள்களும் அக்குமிழிகளைச் சுற்றி மெல்லிய தோலாகப் படிவதனாலேயே, சோடாவின் நுரையைப்போல உடனே மறைந்துவிடாமல், பியரின் நுரை நிலைத்து நிற்கிறது. கொழுப்பு எந்த வடிவில் வந்தாலும் அந்தத் தோலைக் கிழித்துவிடும். தேங்காயெண்ணெய், தேங்காய்ப்பால், பால்மாத் தேநீரின் ஆடை, பொரித்த மீனைத் தொட்ட விரல், உதட்டுச்சாயம் எல்லாம் இதற்குள் அடங்கும். சரியாக அலசப்படாமல் எஞ்சிய சவர்க்காரமும் கழுவும் திரவமும் இதையே செய்கின்றன. ஆகவே எண்ணெயைப் போக்குவதற்காகச் சவர்க்காரத்தை அள்ளிப் போட்டுவிட்டு, இரண்டு குவளைத் தண்ணீரில் அலசி முடிப்பவர், ஒரு பகையை அகற்றி இன்னொரு பகையை உள்ளே இருத்துகிறார்.

சுவரில் ஒட்டி நிற்கும் குமிழிகளும் ஒரு செய்தியைச் சொல்கின்றன. சுத்தமான கண்ணாடியை நீர் முழுதாக நனைக்கும். அங்கே குமிழி பிடித்துக்கொள்ள இடமில்லை. எண்ணெய்ப் புள்ளியோ, தூசியோ, துணியிலிருந்து வந்த நூல்துகளோ இருக்கும் இடங்களில்தான் அது தங்குகிறது. குவளையின் அடித்தளத்தில் மட்டும் குமிழிகள் ஓயாமல் பிறந்து மேலெழுந்தால் அது வேறு விடயம். சில குவளைகளின் அடியில் இதற்கெனவே ஒரு வட்டத்தையோ சின்னத்தையோ சொரசொரப்பாகப் பொறித்துவிடுகிறார்கள். அதை அழுக்கென்று நினைத்துக் கம்பி உரசியால் தேய்த்தவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் தண்ணீரின் குணம்

வன்னியின் பெரும்பாலான கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் வருவது கடினநீர். கல்சியம், மகனீசியம் உப்புகள் மிகுதியாகக் கரைந்திருக்கும் நீரை அவ்வாறு அழைப்பார்கள். கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டால் லீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேற்பட்டது மிகக் கடினமான நீராகும். பரிசோதனைக்கூடத்துக்குப் போகாமலே இதை அறியலாம். கேத்திலின் அடியில் சுண்ணாம்புபோல வெள்ளைப் பொருக்குப் படிகின்றதா என்று பாருங்கள். அது போதாதென்றால், ஒரே அளவான இரண்டு போத்தல்களில் ஒன்றில் கிணற்று நீரும் மற்றதில் மழைநீரும் அரைவாசிக்கு நிரப்பி, இரண்டிலும் ஒரே அளவு சவர்க்காரத்தைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். மழைநீர் நுரைத்துக்கொண்டு எழும்பும். கிணற்று நீர் கடினமானதென்றால் மேலே கொஞ்சம் தயிர்போலத் திரைந்து நிற்கும்.

அந்தத் திரைவில்தான் முழு விடயமும் அடங்கியிருக்கிறது. கட்டிச் சவர்க்காரம் கொழுப்பிலிருந்து செய்யப்படுவது. கடினநீரிலுள்ள கல்சியம் அதோடு சேரும்போது, நீரில் கரையாத ஒரு கொழுப்புப் படிவு உண்டாகிறது. கழுவித் துடைத்துப் பளபளப்பாகத் தெரிகின்ற குவளையின் உள்ளே அது மெழுகுபோலப் படிந்திருக்கும். எத்தனை முறை கிணற்று நீரில் அலசினாலும் போகாது, ஏனெனில் அதை உண்டாக்கியதே அந்த நீர்தான். எண்ணெய்ச் சட்டியோடு சேர்த்துக் கழுவக்கூடாது என்ற அறிவுரையை எல்லா நாட்டாரும் சொல்வார்கள். கட்டிச் சவர்க்காரத்தைக் குவளைக்கு அருகிலேயே கொண்டுபோகக் கூடாது என்பதை வன்னிக்கான முதல் விதியாக நான் வைப்பேன். பாத்திரம் கழுவும் திரவங்கள் பெரும்பாலும் செயற்கை அழுக்குநீக்கிகளால் ஆனவை. அவை கடினநீரில் இவ்வாறு திரைவதில்லை.

சாம்பலைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அடுப்புச் சாம்பலும் பொச்சும் கொண்டு பித்தளைக் குடத்தையும் சட்டி பானையையும் மினுக்கிய கைகள் எங்களுடையவை. சாம்பலின் காரம் எண்ணெயைக் கரைக்கும் என்பதும் உண்மை. ஆனால் அதிலிருக்கும் மணற்துகள்கள் கண்ணாடியைக் கீறும். கீறல் விழுந்த இடத்தில் அழுக்குப் பிடிக்கும், குமிழி நிற்கும், பிறகு ஒருநாள் வெடிப்பும் அங்கேயே தொடங்கும். சாம்பல் குடத்துக்கு ஆகும், குவளைக்கு ஆகாது.

அன்றாடம் கழுவும் முறை

குடித்து முடித்ததும் குவளையை வெறும் தண்ணீரால் ஒருமுறை அலசிவிடுங்கள். இது அரை நிமிட வேலை. இரவு முழுவதும் காயவிட்டால் நுரையிலுள்ள புரதம் வளையங்களாக இறுகிப்போய், காலையில் தேய்க்க வேண்டிவரும். குழம்புக் கோப்பைகளோடு ஒரே பேசினில் போட்டு ஊறவைப்பது அதைவிட மோசம், ஏனென்றால் மேலே மிதக்கும் எண்ணெய், குவளையை வெளியே எடுக்கும்போது உள்ளும் புறமும் பூசிக்கொண்டே வரும்.

குவளைகளுக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் பேசினும் தனியாக ஒரு ஸ்பொஞ்சும் வைத்திருக்க வேண்டும். இவ்வளவுக்கும் வேண்டுமா என்று வீட்டில் கேட்பார்கள், வேண்டும். ஒருமுறை தாச்சியைத் தேய்த்த ஸ்பொஞ்சினுள் போன தேங்காயெண்ணெய், பிறகு எத்தனை முறை பிழிந்தாலும் முழுதாக வெளியேறுவதில்லை. பேசினில் மூன்று லீற்றர் அளவு இளஞ்சூடான நீரை எடுத்து, கழுவும் திரவத்தில் சில துளிகளை விட்டுக் கலக்கிக்கொள்ளுங்கள். திரவத்தை நேரடியாக ஸ்பொஞ்சில் பிழிந்தால் அளவு மிஞ்சும், அலசுவதற்கும் பாடுபட வேண்டும். எண்ணெய் படாத, வெறும் பியர் மட்டும் குடித்த குவளைக்குத் திரவமே தேவையில்லை. லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்த நீர் போதும். அது மெல்லிய காரமாக நின்று அழுக்கைத் தளர்த்தும், அலசும்போது எளிதில் போய்விடும்.

முதலில் விளிம்பைத் தேயுங்கள், வெளிப்புறத்தையும் சேர்த்து. உதடும் விரலும் படுவது அங்கேதான். பிறகு உட்சுவர், கடைசியாக அடி. உயரமான ஒடுங்கிய குவளைக்குள் கையை நுழைத்துத் திருப்ப வேண்டாம். ஈரக் கண்ணாடி வெடித்தால் மணிக்கட்டில்தான் வெட்டும். குழந்தைகளின் பால்போத்தல் கழுவும் தூரிகை ஒன்றைப் புதிதாக வாங்கி இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். பால் கழுவிய பழையதை எடுத்தால் வந்த காரியம் கெட்டுவிடும்.

அலசுவதை இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும். முதலில் கிணற்று நீரால், ஊற்றிச் சுழற்றிக் கொட்டி, மூன்று முறை. கடைசி அலசலுக்கு மட்டும் மென்னீர், அதாவது உப்புகள் குறைந்த நீர். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மாரி பெய்யும் காலத்தில் இதற்கு வழி இலகு: பீலியிலிருந்து விழும் நீரில், கூரைத் தூசியைக் கழுவிக்கொண்டு வரும் முதல் மழையை விட்டுவிட்டு, பின்வரும் மழைகளைப் பிடித்துத் துணியால் வடித்துச் சுத்தமான போத்தல்களில் அடைத்து வையுங்கள். திறந்த பீப்பாயில் வைத்தால் நுளம்புதான் பெருகும். எண்ணெய்ப் போத்தலிலும் அடைக்க வேண்டாம். ஆறு குவளைகளுக்குக் கடைசி அலசலுக்கு இரண்டு லீற்றர் தாராளமாகக் காணும், ஆகையால் மாரியில் பிடித்த இருபது போத்தல்கள், கொண்டாட்டத்துக்கு மட்டும் குவளை எடுக்கின்ற வீட்டில், கோடை முழுவதற்கும் போதுமானவை.

மழைநீர் தீர்ந்தபின், வடிகட்டிய குடிநீர் விற்கும் நிலையத்திலிருந்து வீட்டுக்கு எடுக்கும் நீரில் கொஞ்சத்தை ஒதுக்கலாம். அதுவும் இல்லையென்றால் கிணற்று நீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்த வெள்ளையைக் கலக்காமல் மேல்நீரை வார்த்தெடுங்கள். இருகாபனேற்றால் வரும் கடினம் கொதிக்கும்போது கல்சியம் காபனேற்றாகப் பிரிந்து படிந்துவிடும். வேறு உப்புகளால் வரும் கடினம் கொதித்தாலும் போகாது, ஆகவே இது முழுத் தீர்வல்ல.

துடைக்கும் துணியை மறந்துவிடுங்கள். எவ்வளவு வெளுத்த துணியானாலும் நூல்துகளை விட்டுச்செல்லும், அதிலிருக்கும் சலவைத்தூளின் மிச்சத்தையும் பூசும். குவளையைக் கம்பித் தட்டில் கவிழ்த்து, கீழிருந்து காற்றுப் போகும்படி வையுங்கள். மேசைமேல் துணி விரித்து அதில் கவிழ்த்தால், உள்ளே ஈரம் அடைபட்டுப் பழைய துணியின் வாடையைக் கண்ணாடி பிடித்துக்கொள்ளும். சோளகம் வீசும் மாதங்களில் முற்றத்தில் காயவைக்க வேண்டாம். செம்மண் தூசி ஈரக் குவளைக்குள் போய்க் குந்திவிடும்.

மங்கிய குவளையை மீட்டெடுத்தல்

நெடுநாள் பிழையாகக் கழுவி வெண்மூட்டமாகிவிட்ட குவளையை எறிய வேண்டியதில்லை. ஆனால் மீட்பதற்கு ஒழுங்கொன்று உண்டு, அதை மாற்றிச் செய்தால் பலனில்லை.

முதலில் புளிப்பு, பிறகு காரம். வினாகிரியும் நீரும் சம அளவில் கலந்து குவளையை நிரப்பி அரை மணி நேரம் விடுங்கள். தேசிக்காய்ச் சாறும் இதே வேலையைச் செய்யும். நான்கு தேசிக்காயைப் பிழிந்து நீர் சேர்த்தால் ஒரு குவளைக்குக் காணும். பிழிந்த தோலால் விளிம்பைத் தேய்த்தும் விடலாம். ஆனால் தேசித்தோலின் எண்ணெய் கண்ணாடியில் தங்கும் என்பதால் அடுத்த கட்டத்தை விட்டுவிடக் கூடாது. அமிலம் சுண்ணாம்புப் பொருக்கைக் கரைத்துவிடும். குழாய்க்கிணற்று நீரின் இரும்பால் வரும் பழுப்புக் கறையும் தேசிக்காயில் இளகிப்போகும். சவர்க்காரப் படிவையும் அமிலம் உடைக்கும், ஆனால் அங்கே வேலை பாதியில்தான் நிற்கும்: கல்சியம் பிரிந்து போனபின் கொழுப்பமிலம் கண்ணாடியிலேயே எண்ணெய்ப்பசையாக எஞ்சியிருக்கும். வினாகிரியில் ஊறவைத்தும் நுரை நிற்கவில்லை என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். அலசியபின், அப்பச்சோடாவை ஈரமாகக் குழைத்து விரலாலோ மெல்லிய ஸ்பொஞ்சாலோ உட்சுவர் முழுதும் பூசித் தேய்த்து, பிறகு கழுவும் திரவ நீரில் ஒருமுறை கழுவி, மேலே சொன்னபடி அலசி முடியுங்கள்.

கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளையோ வெளுக்கும் திரவத்தையோ இதில் கலக்கவே கூடாது. அது வினாகிரியோடும் தேசிக்காயோடும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். மூடிய குசினியில் அது மூச்சை அடைத்துவிடும்.

பொன்விளிம்பு வைத்த குவளைகளையும், சின்னம் அச்சிட்ட குவளைகளையும் புளிப்பில் முழுதாக அமிழ்த்த வேண்டாம். உள்ளே மட்டும், விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை ஊற்றுங்கள். இவ்வளவும் செய்தபின், காய்ந்த குவளையில் மூட்டம் அப்படியே இருந்தால், அது படிவல்ல. கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டுவிட்டது. அதற்கு மருந்தில்லை. அந்தக் குவளை இனி மோர் ஊற்றவே உதவும்.

சோதித்துப் பார்த்தல்

கழுவிய குவளையை நீரில் அமிழ்த்தி எடுத்துச் சரித்துப் பிடியுங்கள். நீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். துளிதுளியாகப் பிரிந்து, சேப்பிலையில் விழுந்த தண்ணீர்போல உருண்டு நின்றால் அங்கே பசை இருக்கிறது. இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விரும்புவோர், உட்புறம் ஈரமாக இருக்கும்போதே தூள் உப்பைத் தூவிச் சுழற்றலாம். சுத்தமான இடத்தில் உப்புச் சீராக ஒட்டும், பசை உள்ள இடம் வெறுமையாகத் தெரியும். முதல்முறை செய்தபோது எங்கள் குவளையில் ஒரு கட்டைவிரல் அடையாளம் முழுதாக வரைந்துகாட்டப்பட்டது. மூன்றாவது சோதனை குடிக்கும்போதே நடப்பது: ஒவ்வொரு மிடறுக்கும் ஒவ்வொரு நுரைவளையம் சுவரில் எஞ்சி, பின்னற் சரிகைபோலக் கீழிறங்கிக்கொண்டு போனால், உங்கள் கழுவலில் குறையில்லை.

வைக்கும் இடமும் ஊற்றும் நேரமும்

விறகு அடுப்பு எரிகின்ற, தாளிதம் பொங்குகின்ற குசினியில் குவளைகளை வைக்காதீர்கள். எண்ணெய் ஆவியும் புகையும் மூடிய அலுமாரிக்குள்ளும் போகும். கதவுள்ள அலுமாரியில், வேறொரு அறையில், வாய் மேலிருக்கும்படி வைப்பதே நல்லது என்று சிலர் சொல்வார்கள். பல்லியும் கரப்பானும் உலாவும் எங்கள் வீடுகளுக்கு, கம்பித் தட்டில் கவிழ்த்து வைப்பதே பொருந்தும் என்பது என் எண்ணம். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க வேண்டாம். அடுக்கி இறுகிவிட்டால் இழுத்துப் பிரிக்காமல், உள்குவளையில் குளிர்நீரை ஊற்றி, வெளிக்குவளையை இளஞ்சூட்டு நீரில் சிறிதுநேரம் நிறுத்துங்கள். உள்ளது சுருங்கி, வெளியது விரிந்து, மெல்லத் திருப்பினால் கழன்றுவரும். கொதிநீர் வேண்டாம்: கனத்த கண்ணாடியின் ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் நிற்கும்போதுதான் அது வெடிக்கிறது. தடித்த கைபிடிக் குவளை மெல்லியதைவிட உறுதியானது என்பது விழுந்தால் உண்மை, வெந்நீர் பட்டால் உண்மையல்ல.

ஊற்றுவதற்குச் சற்று முன்னர், குவளையைக் குளிர்ந்த மென்னீரால் ஒருமுறை அலசி, நீரை உதறிவிட்டு, ஈரத்தோடேயே ஊற்றுங்கள். கடைசித் தூசியும் போகும், ஈரச்சுவரில் பியர் வழுக்கி இறங்குவதால் நுரை அளவுக்கு மிஞ்சிப் பொங்காது. வெயிலுக்கு ஆறுதலென்று குவளையை உறைபெட்டியில் வைக்கும் வழக்கம் எங்கும் பரவிவிட்டது. உட்சுவரில் உறையும் பனித்துகள்களில் வாயு வெடித்து வெளியேறி நுரை பொங்கும், உருகும் பனி பியரை நீர்த்துப்போகச் செய்யும். அதோடு எங்கள் உறைபெட்டிகளில் குவளைக்குப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் பாரையும் இறாலும். அந்த வாடை பனியோடு சேர்ந்து கண்ணாடியில் உறையும். குளிர வேண்டியது போத்தல்தான்.

கச்சானும் பொரித்த மீனும் மேசையில் இருக்கும்போது விரலும் உதடும் எண்ணெயாவதைத் தடுக்க முடியாது. குவளையை அடிப்பக்கத்தில் பிடித்து, பக்கத்தில் ஒரு துடைப்புத்தாளை வைத்துக்கொண்டால் பாதி காப்பாற்றலாம். அதே குவளையில் இரண்டாம் முறை ஊற்றும்போது நுரை குறைந்தால், கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் மழைநீரால் ஒருதடவை அலசிப் பாருங்கள்.

விளிம்பில் சிறு சிதைவு விழுந்த குவளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தே அறிய வேண்டும், விரலால் தடவி அல்ல. அத்தகையதை உடனே ஒதுக்கி, தடித்த தாளில் சுற்றி, மூடியுள்ள தகரப் பேணியொன்றில் போட்டுக் குப்பையில் சேருங்கள். வேலியோரத்தில் எறிந்தாலும் கிடங்கில் புதைத்தாலும், வெறுங்காலோடு கிணற்றடிக்குப் போகிறவரின் காலில் அது என்றாவது ஏறும்.